வட சென்னையில் பருவத்துக் காய்களை வாங்கிச் சமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் ஆகிய பகுதிகளில் குடியிருப்பவர்களுக்கு, நகரத்தின் மற்றப் பகுதியினருக்கு வாய்க்காத ஒரு வசதி இன்னும் மிச்சமிருக்கிறது. கிழக்கே காசிமேட்டுத் துறைமுகம். வடக்கேயும் மேற்கேயும் மூலக்கடையிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய சோழவரம், பொன்னேரி, பெரியபாளையம் வட்டார வயல்கள். அங்கிருந்து வருவதை எப்போது வாங்குவது, எப்படிச் சமைப்பது என்பது குறித்துப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

விவசாயிகளிடமிருந்து நேரடியாகக் காய்கறி வாங்க எங்கே செல்ல வேண்டும்?

முதலில் நினைவுக்கு வருவது உழவர் சந்தை. 1999ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தில், அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமலும் கமிஷன் கொடுக்காமலும் தங்கள் விளைச்சலை விற்கிறார்கள். அன்றன்றைய விலை காலையில் பலகையில் எழுதப்படும். வட சென்னைவாசிகளுக்கு எட்டும் தொலைவில் அம்பத்தூரிலும், செங்குன்றத்தை ஒட்டிய நாரவாரிக்குப்பத்திலும் உழவர் சந்தைகள் உள்ளன. இவை காலைச் சந்தைகள் என்பதால் வெயில் ஏறிய பிறகு போனால் மிஞ்சியதைத்தான் பொறுக்க வேண்டியிருக்கும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தங்கள் தெரு மார்க்கெட்டிலேயே விவசாயிகளைக் கண்டுபிடிக்கலாம். கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயில் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வழியாகத்தான் சென்ட்ரலுக்குப் போகிறது. விடியற்காலை வண்டிகளில் கூடையோடு இறங்கும் பெண்கள் நிலையத்துக்கு அருகிலேயே சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஐந்தாறு வகைக்கு மேல் அவர்களிடம் இருக்காது. அதுவே அவர்கள் சொந்த நிலத்துக் காயை விற்கிறார்கள் என்பதற்கு ஓரளவு நம்பகமான அடையாளம்.

மார்க்கெட்டில் இருப்பதெல்லாம் சுற்றுவட்டாரத்தில் விளைந்ததுதானா?

இல்லை. கொத்தவால்சாவடியிலிருந்த மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறிய பிறகு, வட சென்னைச் சில்லறைக் கடைகளின் பெரும்பகுதிச் சரக்கு அங்கிருந்தே வருகிறது. கேரட்டும் பீன்ஸும் நீலகிரி, கொடைக்கானல் பக்கத்திலிருந்தும், தக்காளியில் பெரும்பங்கு ஆந்திரத்தின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார் பக்கத்திலிருந்தும், பெரிய வெங்காயம் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருபவை. ஆகவே எல்லாமே உள்ளூர்க் காயாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை. அப்படிப் பிடித்தால் சாம்பாருக்கு வெங்காயம்கூட மிஞ்சாது. கீரை, கத்தரி, வெண்டை, முருங்கை, புடல், பீர்க்கு, சுரை, அவரை, மாங்காய், நுங்கு போன்றவற்றை அருகில் விளைந்தனவாகப் பார்த்து வாங்கினாலே சமையலில் வித்தியாசம் தெரியும்.

'நாட்டுக் காய்' என்று எழுதிய அட்டையை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். கத்தரிக்காயின் காம்பு பச்சையாகவும் முள் கையில் குத்தும்படியும் இருக்கிறதா, வெண்டைக்காயின் நுனி சட்டென்று ஒடிகிறதா, கீரைக்கட்டின் வேரில் மண் இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பது அட்டையைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

எந்தப் பருவத்தில் எதை எதிர்பார்க்கலாம்?

மார்கழியும் தையும்தான் ஆண்டின் மிகச் செழிப்பான மாதங்கள். அவரை, மொச்சை, பச்சைத் துவரை, முள்ளங்கி, பூசணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பனங்கிழங்கு, மஞ்சள் குலை எல்லாம் ஒன்றாகக் குவிவதால்தான் பொங்கலன்று பல காய்களைச் சேர்த்துக் குழம்பு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் நிலைத்திருக்கிறது. அவரைக்கும் மொச்சைக்கும் இதற்குத் தாவர இயல்பிலேயே ஒரு காரணம் உண்டு: பாரம்பரிய வகைகள் பகல் பொழுது குறுகும்போதுதான் பூக்கின்றன. ஆண்டு முழுவதும் காய்க்கும் செடி அவரை வகைகள் பின்னாளில் உருவாக்கப்பட்டவை. சித்திரையில் வாங்கும் அவரைக்கும் தையில் வாங்கும் பந்தல் அவரைக்கும் மணத்தில் உள்ள தூரம் பொரியல் வதங்கும்போதே தெரிந்துவிடும். இதே மாதங்களில் சௌகார்பேட்டைப் பக்கம் போனால், வட இந்திய வீடுகளுக்காக வரும் பச்சைப் பட்டாணியும் சிவந்த கேரட்டும் குவிந்திருக்கும்.

மாசி பிறந்ததும் மாவடு தலைகாட்டும். பங்குனியில் வேப்பம்பூ உதிரும். அதைக் காயவைத்து எடுத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் ரசத்துக்கு ஆகும். சித்திரை, வைகாசியில் மாங்காய், முருங்கைக்காய், வெள்ளரி, கிர்ணி, நுங்கு, பலா, கொடிக்காய்கள். முருங்கைக்காயைப் பொறுத்தவரை கோடைதான் அதன் காலம். மழை மாதங்களில் ஒரு காய்க்குக் கொடுக்கும் விலையில் கோடையில் ஒரு கட்டே கிடைத்துவிடும். ஆனி, ஆடியில் நாவற்பழம் வரும். ஆடியில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழுக்குத் துணையாக முருங்கைக்கீரை தெருத்தெருவாக விற்பனைக்கு வந்துவிடும். ஆவணிக்குப் பிறகு சீத்தாப்பழம். ஐப்பசி, கார்த்திகை பற்றிக் கீழே தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

கீரைக் கடைசல் கருத்துப்போகிறது, மண்ணும் கடிபடுகிறது. என்ன செய்யலாம்?

கழுவும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கீரையை வடிதட்டில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் மண் இலைகளுக்கிடையிலேயே தங்கிவிடும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து, ஆய்ந்த கீரையை அதில் அமிழ்த்தி அலசி, சற்று நேரம் விட்டு, கீரையை மட்டும் கையால் அள்ளி வெளியே எடுக்க வேண்டும். தண்ணீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் அடியில் படிந்த மணல் மறுபடியும் இலைமேல் ஏறிவிடும். அடித்தண்ணீரில் மணல் இல்லை என்று தெரியும்வரை இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். நறுக்குவது கழுவிய பிறகுதான்.

நிறம் மாறுவதற்குக் காரணம் மூடி போட்டு நெடுநேரம் வேகவிடுவது. வேகும்போது கீரையிலிருந்து வெளிப்படும் அமிலம் ஆவியோடு வெளியேற வழியில்லாமல் பாத்திரத்துக்குள்ளேயே தங்குவதால் பச்சையம் நிறம் மாறுகிறது. மண்சட்டியில் கையளவு தண்ணீர் கொதித்ததும் பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் போட்டு, அவை பாதி வெந்த பிறகு அரைக்கீரையையோ சிறுகீரையையோ சேர்த்து, மூடாமல் வேகவிட்டால் பத்து நிமிடத்துக்குள் இறக்கிவிடலாம். உப்பைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. சட்டி நிறைய இருந்த கீரை கால்பங்காகச் சுருங்கிவிடும் என்பதை மறந்து முதலிலேயே உப்புப் போட்டால் கரித்துவிடும். மத்தால் கடைந்தால் இலை நசுங்கிக் குழைந்தும், தண்டின் நார் அங்கங்கே தட்டுப்பட்டும் வரும். மிக்ஸியில் அரைத்தால் வருவது கீரைக்கூழ். அது வேறு உணவு. தாளிக்கக் கடுகு மட்டும் போதும் என்றாலும், கோடையில் போட்டு வைத்த தாளிப்பு வடகம் வீட்டில் இருந்தால் அதில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போடுங்கள்.

கால்வாய் ஓரத்தில் வளர்ந்த கீரையை நன்றாகக் கழுவிச் சமைத்தால் போதாதா?

போதாது. வட சென்னையில் இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. கழுவுவதாலும் வேகவைப்பதாலும் அழுக்கும் கிருமிகளும் போகலாம். ஆனால் தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் செடி உறிஞ்சிக்கொண்ட ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இலைத் திசுவுக்குள் இருப்பவை. அவை எவ்வளவு கழுவினாலும் போகமாட்டா. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியமாட்டா. மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைப் பகுதிகளிலும், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் தானாக முளைத்துக் கிடக்கும் பொன்னாங்கண்ணியையும் வல்லாரையையும் மூலிகை என்று பறித்து வந்து சமைப்பதைத் தவிர்ப்பதே சரி. வாங்கும் இடத்தில், 'எந்த ஊர்க் கீரை, என்ன தண்ணி பாய்ச்சுறீங்கம்மா?' என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. பயிரிட்டவர் கிணற்றையோ போர்வெல்லையோ உடனே சொல்லிவிடுவார். வாங்கி விற்பவர் பேச்சை மாற்றுவார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன சமைப்பது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. பைபர் படகுகள் போய்வருவதால் காசிமேட்டில் மீன் அடியோடு இல்லாமல் போவதில்லை. ஆனால் வஞ்சிரமும் பெரிய மீன்களும் எளிய குடும்பங்களுக்கு எட்டாத விலைக்குப் போய்விடும். தடைக்காலமும் மாங்காய்க் காலமும் ஒன்றாக வருவதை நம் வீடுகளில் நெடுநாளாகவே பயன்படுத்தி வருகிறார்கள். கருவாடும் மாங்காயும் சேர்ந்த குழம்பு அதன் விளைவு.

நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிவிட்டு, வெறும் சட்டியில் இலேசாக வறுத்து, பிறகு வெந்நீரில் போட்டு அலசினால் மணலும் மிகையான உப்பும் நீங்கும். நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சேர்த்து, குழம்பு மிளகாய்த்தூள் போட்டு, வழக்கமான அளவில் பாதிப் புளி மட்டும் கரைத்து ஊற்ற வேண்டும். மீதிப் புளிப்பை மாங்காய் கொடுத்துவிடும். காய்கள் முக்கால் வேக்காட்டுக்கு வந்த பிறகே மாங்காய்த் துண்டுகளைத் தோலோடு போட வேண்டும். முன்னதாகப் போட்டால் கரைந்துபோவதோடு, அதன் புளிப்பில் கத்தரிக்காய் வேகாமல் விறைத்துக்கொள்ளும். கருவாடு கடைசியில். அது சேர்ந்து ஒரு கொதி வந்த பிறகுதான் உப்புப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் உப்பே தேவைப்படாது. இரவு வைத்து மறுநாள் காலை பழைய சோற்றோடு சாப்பிடுபவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கருவாடு சாப்பிடாதவர்கள் அதே குழம்பில் ஊறவைத்த காய்ந்த மொச்சையையோ பலாக்கொட்டையையோ வேகவைத்துச் சேர்க்கலாம்.

மழைக்காலத்தில் எல்லா விலையும் ஏறிவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீள்கிறது. பாத்திகளில் தண்ணீர் நின்றால் இருபது இருபத்தைந்து நாட்களில் அறுவடையாகும் முளைக்கீரை போன்றவை முதலில் அழுகும்; லாரிகள் தாமதமானால் தக்காளி விலை ஏறும். இந்த நாட்களில் வாடிய கீரைக்கு அதிக விலை கொடுப்பதைவிட, மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கும் சேனை, சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு, மழையைத் தாங்கும் வாழையின் காய், தண்டு, பூ, முன்பே அறுத்து வைத்த பூசணி ஆகியவற்றின் பக்கம் திரும்புவது புத்திசாலித்தனம். வேலி ஓரத்துத் தூதுவளையும் அப்போதுதான் தளிர்க்கும்; அதன் இலையில் உள்ள முள்ளை நீக்கி, நெய்யில் வதக்கி ரசம் வைக்கலாம்.

வாழைத்தண்டை மோரில் நறுக்கிப் போட்டால் கருக்காது, நாரும் விரலில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். பொரியலும் கூட்டும் அலுத்துப்போனவர்கள் நம் பகுதியிலேயே கிடைக்கும் மற்றொரு முறையைப் பார்க்கலாம்: பர்மாவிலிருந்து திரும்பி வந்து வட சென்னையில் குடியேறிய தமிழர்கள் கொண்டுவந்த மொஹிங்கா. மீனை வேகவைத்து உதிர்த்து, வெங்காயம், இஞ்சி, பூண்டு வதக்கிய சாற்றில் வாழைத்தண்டு வில்லைகளோடு கொதிக்கவிட்டு, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்துக் கெட்டியாக்கி, சேமியாவின்மேல் ஊற்றிச் சாப்பிடுவது. பாரிமுனைப் பக்கத்தில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளில் மாலையில் இதைக் காணலாம். அடைமழை நாளுக்கு இதைவிடப் பொருத்தமான வாழைத்தண்டுச் சமையல் என்று வேறெதையும் சொல்லத் தோன்றவில்லை.

தக்காளி விலை மழையில் மட்டும் ஏறுவதில்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் அரசு அதைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. புளி, மாங்காய், நெல்லிக்காய், புளிச்சக்கீரை என்று புளிப்புக்கு நம்மிடம் வேறு வழிகள் இருக்கும்போது, தக்காளியில்லாமல் குழம்பே வைக்க முடியாது என்று நினைப்பது அண்மைக்காலப் பழக்கம்தான். ஆந்திர எல்லை அருகிலிருப்பதால் புளிச்சக்கீரை இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரிடம் கேட்டால் துவையலுக்கும் பருப்புக்கும் செய்முறை சொல்லிவிடுவார்கள்.

பிதுக்கம்பருப்பு என்கிறார்களே, அதை வீட்டில் எப்படிச் செய்வது?

பச்சை மொச்சையின் மேல்தோலைப் பிதுக்கி நீக்கிய பருப்புக்குத்தான் இந்தப் பெயர். திருவள்ளூர், வேலூர்ப் பக்கத்து வீடுகளில் மார்கழி, தை மாதங்களில் இது தவறாது. முற்றிய, ஆனால் காய்ந்துவிடாத காய்களாக வாங்கி, உரித்து, பருப்பை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டால் தோல் தளர்ந்துவிடும். காலையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், இளம்பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே துள்ளும். வாயகன்ற பாத்திரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு பிதுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பருப்பு அறை முழுவதும் சிதறிக் கிடக்கும். வேலை நேரம் பிடிக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு கிலோ காயிலிருந்து குடும்பத்துக்கு ஒரு வேளைக் குழம்புக்குத்தான் பருப்புத் தேறும். உரித்துப் பிதுக்கியதையே ஆழாக்குக் கணக்கில் விற்கும் பெண்களிடம் வாங்கும்போது அவர்கள் சொல்லும் விலை ஏன் என்பது, ஒரு தடவை பிதுக்கிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

தோல் இல்லாததால் பருப்பு பத்து நிமிடத்தில் வெந்துவிடும். குக்கர் வேண்டவே வேண்டாம். வெங்காயம், தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், தனியாத்தூள் சேர்த்து, கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் பாதி வெந்த பிறகு பருப்பைப் போட்டு, அது பூப்போல ஆனதும், தேங்காயோடு சோம்பு வைத்து அரைத்த விழுதை ஊற்றி ஒரு கொதியில் இறக்க வேண்டும். கரண்டியைக் கண்டபடி போட்டுக் கிளறினால் பருப்பு உடைந்து குழம்பு சாந்தாகிவிடும். இட்லிக்கும் தோசைக்கும் சோற்றுக்கும் ஒன்றுபோல் பொருந்தும்.

சுரைக்காய் கசந்தால் உப்பு, புளி கூடச் சேர்த்துச் சமாளிக்கலாமா?

கூடாது. நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை முழுவதுமாக எறிந்துவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு; கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். வேகவைப்பதால் அது போகாது. சுரைக்காய்ச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பவர்கள் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மாம்பழம் கல் வைத்துப் பழுக்கவைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. 'கல்' என்று நாம் சொல்லும் கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. தோல் முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்து, காம்பருகே மணமே இல்லாமல், உள்ளே சதை கெட்டியாகவும் புளிப்பாகவும் இருந்தால் சந்தேகப்படலாம். இதைவிட எளிய வழி, பங்குனியிலேயே பழத்துக்கு ஆசைப்படாமல் அதுவரை மாங்காயைச் சமைத்துவிட்டு, வரத்துப் பெருகும் வைகாசிக்குக் காத்திருப்பது. முற்றிய காயாக வாங்கி அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ வைத்து வீட்டில் பழுக்கவைப்பதும் கடினமல்ல.

மலிவாகக் கிடைக்கும்போது நிறைய வாங்கிவைப்பது சரியா?

வெயில் இருக்கும் பருவத்துக் காய் என்றால் சரி. கத்தரி, கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி, மிளகாய் ஆகியவற்றை மோரிலோ உப்பிலோ ஊறவைத்து மொட்டைமாடியில் வற்றல் போட்டால் மழை மாதங்களின் வத்தக்குழம்புக்கு ஆகும். துறைமுகத்தையும் மணலியையும் ஒட்டிய தெருக்களில் தூசியும் புகைக்கரியும் படியும் என்பதால், மெல்லிய வெள்ளைத் துணியால் மூடித்தான் காயவைக்க வேண்டும். மாலையில் அந்தத் துணியைப் பார்த்தால் காரணம் கேட்கமாட்டீர்கள்.

மாவடுவுக்கு வெயிலே வேண்டாம். காம்போடு கூடிய சிறு வடுவைக் கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் இலேசாகப் பூசி, கல்லுப்பு, மஞ்சள்தூள், கடுகுப்பொடி, மிளகாய்த்தூளோடு ஜாடியில் போட்டு, நாள்தோறும் ஒருமுறை குலுக்கிவிட்டால், உப்பு இழுத்த நீரில் வடு சுருங்கி ஊறிவிடும். அடிபட்ட வடு ஒன்று சேர்ந்தாலும் ஜாடி முழுவதும் கெடும்.

கீரையையும் வெண்டையையும் மட்டும் மலிவு என்பதற்காக அள்ளி வர வேண்டாம். கீரையை வேர் நறுக்கி, கழுவாமல், பருத்தித் துணியில் சுற்றி பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்குமேல் வைத்தால் மஞ்சளித்துவிடும்.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதெல்லாம் நடக்குமா?

வாரச் சமையலை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, அதற்கான காயைத் தேடி அலைந்தால் நடக்காது. திங்கள் பீன்ஸ் பொரியல், செவ்வாய் முருங்கைக்காய்ச் சாம்பார் என்று தீர்மானித்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர், பருவமல்லாத காயைக் கூடுதல் விலைக்கு வாங்கியே தீர வேண்டியிருக்கும். ஒரு புளிக்குழம்பு, ஒரு பருப்புக் கூட்டு, ஒரு பொரியல், ஒரு துவையல் என நான்கு செய்முறைகள் கைக்கு வந்துவிட்டால், அன்று எந்தக் காய் நன்றாக இருக்கிறதோ அதை அவற்றுள் ஒன்றில் போட்டுவிடலாம். புடலங்காய்க்குச் செய்யும் கூட்டே சுரைக்கும் பூசணிக்கும் பீர்க்கங்காய்க்கும் பொருந்தும். வேகும் நேரமும் ஊற்றும் தண்ணீரும்தான் மாறும். பீர்க்கங்காய்க்குத் தண்ணீரே வேண்டாம், சீவிய தோலை வதக்கினால் துவையலும் ஆகிவிடும்.

ஞாயிறு காலையில் மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் காயும் வாங்கிவிடலாம். கீரையும் உரிக்க வேண்டிய காய்களும் ஞாயிறு, திங்களுக்கு. கத்தரி, வெண்டை நடுவாரத்துக்கு. கிழங்கு, பூசணி, வாழைக்காய் வாரக் கடைசிக்கு என்று செலவழித்தால் எதுவும் வீணாகாது.

விவசாயிகளிடம் பேரம் பேசலாமா?

உழவர் சந்தையில் விலை எழுதியிருப்பதால் அதற்கு இடமில்லை. தெருவில் கூறு கட்டி விற்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பத்து ரூபாய்க் கீரைக்கட்டில் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்வதைவிட, வாரந்தோறும் அவரிடமே வாங்குவது உங்களுக்குத்தான் இலாபம். நல்ல கட்டை உங்களுக்கென எடுத்துவைப்பார், அடுத்த வாரம் என்ன அறுவடைக்கு வருகிறது என்று சொல்லுவார், கறிவேப்பிலை கொசுறையும் கேட்காமலே பையில் போடுவார். கடைசிக் கூறுகளை விற்றுவிட்டு வண்டி பிடிக்க நினைக்கும் முற்பகல் வேளையில் விலையைத் தானாகவே குறைப்பார். அப்போது வாங்கியதை அன்றே சமைத்துவிட வேண்டும்.